ம-வையும் த-வையும் காணோம்!

1965, டிசம்பர் 16. பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஜெமினி-6 விண்கலத்திலிருந்து கீழே ஒரு தகவல் வந்தது. வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஏதோ போகிறது, பார்த்தால் செயற்கைக்கோள் மாதிரி இருக்கிறது என்றார்கள். தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்து வந்தது தகவல் இல்லை. பாட்டு! கிறிஸ்துமஸ் பாட்டு. வாலி ஷிர்ரா மவுத் ஆர்கன் வாசிக்க, பக்கத்தில் டாம் ஸ்டாஃபோர்ட் குட்டி மணிகளைக் குலுக்கிக்கொண்டிருந்தார். இரண்டுமே ரகசியமாக எடுத்துப் போன சாமான்கள்.

விண்வெளியில் முதன்முதலாக ஒலித்த வாத்தியம் வயலின் இல்லை, வீணை இல்லை. நாலே நாலு ஓட்டை கொண்ட, கட்டை விரல் அளவுக்குக்கூட இல்லாத ஹோனர் கம்பெனி மவுத் ஆர்கன். இன்றைக்கு அது அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

சட்டைப் பையில் அடங்கிவிடும் என்பதுதான் இந்த வாத்தியத்தின் பெருமை. சிக்கலும் அதுதான். பொம்மை மாதிரி இருப்பதால் பொம்மை மாதிரியே வாங்கிவிடுகிறோம்.

நெய்வேலியில் வேலை, பக்கத்தில் முத்தாண்டிக்குப்பத்தில் வீடு என்று இருக்கும் நண்பர் ஒருவர் போனில் கேட்டார். "சார், பையன் மவுத் ஆர்கன் வேணும்கிறான். எதை வாங்கட்டும்? ஜெர்மன் சாமானா, ஜப்பானா, சைனாவா?"

நெய்வேலிக்காரர் ஜெர்மன் சாமானைப் பற்றிக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 1957-ல் நேரு தொடங்கிவைத்த முதல் சுரங்கத்துக்கு மண்ணை வாரிக் கொட்டும் ராட்சத பக்கெட் வீல்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்துதான் வந்தன. ஆனால் எந்த நாட்டுச் சரக்கு என்பது இங்கே இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு. அது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு மெல்லிய உலோகத் தகடு. ஒரு முனை கட்டப்பட்டிருக்கும், மறு முனை காற்றில் ஆடும். ரீடு என்கிறோமே, அதுதான். இதை வைத்து இசை எழுப்பும் வித்தை சீனர்களுடையது. அவர்களுடைய 'ஷெங்' என்னும் மூங்கில் குழாய் வாத்தியம் ஆயிரக்கணக்கான வருடப் பழசு. 1770களில் பெக்கிங்கில் இருந்த அமியோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சில ஷெங்குகளை பாரிஸுக்கு அனுப்பிவைத்தார். அதன் பிறகு ஐரோப்பியர்கள் ரீடை விடவில்லை. 19-ம் நூற்றாண்டு பிறந்ததும் வரிசையாக வாத்தியங்கள் வந்தன. மவுத் ஆர்கன், அக்கார்டியன், ஹார்மோனியம். எல்லாம் ஒரே குடும்பம்.

இதில் ஹார்மோனியத்தின் கதை நமக்குத் தெரியும். 1842-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கப்பட்ட வாத்தியம். அங்கே காலால் மிதித்து வாசித்தார்கள். நம் ஆட்கள் அதைத் தரையில் இறக்கி, ஒரு கையால் துருத்தியை இழுத்து மறு கையால் வாசிக்கும்படி மாற்றிக்கொண்டார்கள். நாடகக் கொட்டகை, பஜனை மடம் என்று எங்கும் அது புகுந்துவிட்டது. தம்பி மவுத் ஆர்கன் மட்டும் நம்மிடம் விளையாட்டுச் சாமானாகவே தங்கிவிட்டது.

ஆனால் வியாபாரத்தில் இந்தத் தம்பி கில்லாடி. பி.காம். படித்தவனாக இருப்பதால் எனக்குக் கணக்கு சொல்லாமல் இருக்க முடியாது. ஜெர்மனியின் டிராஸிங்கன் என்ற சிற்றூரில் மத்தியாஸ் ஹோனர் என்று ஒரு கடிகாரக்காரர். 1857-ல் மனைவியையும் ஒரே ஒரு வேலையாளையும் வைத்துக்கொண்டு மவுத் ஆர்கன் செய்ய ஆரம்பித்தார். முதல் வருட உற்பத்தி 650. முப்பதே வருடத்தில் அது ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியது! பெரும்பகுதி போன இடம் அமெரிக்கா. பிழைக்கப் போன ஜெர்மானியர்களின் பைகளில் ஊர்ப் பாட்டும் கூடவே போயிற்று.

ஊர்ப் பாட்டு. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

பத்து ஓட்டை கொண்ட சாதாரண மவுத் ஆர்கனை டயடோனிக் என்பார்கள். ஓட்டை பத்து, ரீடு இருபது. ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் வேறு சுரம். சுரங்களை அடுக்கியிருக்கும் முறைக்கு ரிக்டர் என்ற பொஹீமியக்காரரின் பெயர். அடுக்கிய நோக்கம் ஒன்றே ஒன்று. ஜெர்மன் கிராமத்தான் சாராயக் கடையில் உட்கார்ந்து பாட்டுக்குத் துணையாக வாசிக்க வேண்டும். வாயை வைத்து ஊதினால் ச, க, ப மூன்றும் சேர்ந்து முழங்க வேண்டும். உறிஞ்சினால் ப, நி, ரி சேர்ந்து முழங்க வேண்டும். கார்டு என்பார்களே, அந்தச் சேர்க்கை. அவர்கள் ஊர்ப் பாட்டுக்கு இந்த இரண்டு கார்டு போதும். (நமக்குக் கார்டு என்றால் ரேஷன் கார்டுதான்!)

இரண்டு கார்டுக்கும் இடம் பண்ண வேண்டும். யாரையாவது வெளியே தள்ளித்தானே ஆக வேண்டும்? முதல் நாலு ஓட்டைகளிலிருந்து ம-வையும் த-வையும் தூக்கிவிட்டார்கள். அவர்களுக்கு நஷ்டமில்லை.

நமக்கு? கற்பனை செய்து பாருங்கள். பையன் முதல் ஓட்டையில் வாயை வைக்கிறான். ஊதினால் ச, உறிஞ்சினால் ரி. அடுத்த ஓட்டையில் ஊதினால் க. சபாஷ். உறிஞ்சினால் ம வர வேண்டும், வருவதோ ப! மறுபடி மறுபடி முயன்று பார்ப்பான். ஒரு வாரம் போனால் மவுத் ஆர்கன் மேஜை டிராயருக்குள் போய்விடும். 'நம்ம பையனுக்குச் சங்கீதம் வராது' என்று வீட்டிலும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பு ஆயுளுக்கும் கூட வரும். நாற்பது வயதில்கூட 'நமக்குக் காது இல்லை சார்' என்று சொல்லிக்கொண்டு எத்தனை பேர் இருக்கிறார்கள்! குற்றம் பையனிடம் இல்லை. சாராயக் கடைக்கு அடுக்கியதைச் சரளி வரிசைக்கு எடுத்தால் எப்படி?

வழி மிகவும் சுலபம். நாலாவது ஓட்டையில் ஆரம்பிக்க வேண்டும். அங்கிருந்து ஏழு வரை ஏழு சுரமும் முழுசாக இருக்கிறது. நாலில் ஊதினால் ச, உறிஞ்சினால் ரி. ஐந்தில் க, ம. ஆறில் ப, த. ஏழில் மட்டும் தலைகீழ். முதலில் உறிஞ்ச வேண்டும், நி. பிறகு ஊத வேண்டும், மேல் ச. அவ்வளவுதான், சங்கராபரணம் வந்துவிட்டது! ம-வையும் நி-யையும் விட்டுவிட்டு வாசித்தால் மோகனம்.

கீழே தள்ளப்பட்ட அந்த இரண்டு சுரங்கள் என்ன ஆயின? அவற்றை மீட்டவர்கள் ஜெர்மானியர்கள் இல்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பர்கள். பியானோ வாங்க வக்கில்லாதவர்கள் கையில் இந்த மலிவுச் சாமான் கிடைத்தது. அவர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். உறிஞ்சும்போது நாக்கையும் தொண்டையையும் மாற்றிவைத்து சுரத்தை வளைத்தார்கள். இரண்டாவது ஓட்டையின் ப-வை வளைத்துக் கீழே இறக்கினால் ம. மூன்றாவது ஓட்டையின் நி-யை இறக்கினால் த. காணாமல் போனவை இரண்டும் உள்ளேயே ஒளிந்திருந்தன!

இன்னொரு காரியம், ச-வை விட்டுவிட்டு ப-வை ஆதாரமாக வைத்து வாசித்தார்கள். நம் வித்வான்கள் இதைக் கிரகபேதம் என்பார்கள். சங்கராபரணத்தில் ப-வை ச-வாக எடுத்துக்கொண்டால் அரிகாம்போதியின் சுரங்கள் வரும். மிசிசிப்பிக்காரருக்கு அரிகாம்போதி தெரியாது. சோகம் தெரியும். அதுதான் ப்ளூஸ். 1952-ல் லிட்டில் வால்டர் வாசித்த 'ஜூக்' என்ற மவுத் ஆர்கன் இசைத்தட்டு, அமெரிக்கக் கறுப்பின இசைப் பட்டியலில் முதல் இடத்தையே பிடித்தது. பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம்.

இதன் அருமை நமக்குத்தான் நன்றாகப் புரியும். கமகம் வராது, சுரம் அசையாது என்று சொல்லித்தானே அண்ணன் ஹார்மோனியத்தை 1940-ல் அகில இந்திய வானொலி வெளியே நிறுத்தியது? 1971-ல்தான் தடை தளர்ந்தது. அண்ணனால் முடியாததைத் தம்பி செய்கிறான்.

இந்தியாவில் தம்பியை மதித்த இடம் பம்பாய் சினிமா. 1964-ல் வந்த 'தோஸ்தி' படத்தில் ஊன்றுகோலோடு நடக்கும் பையன் வாசிப்பது மவுத் ஆர்கன். திரைக்குப் பின்னால் வாசித்தவர் ஆர்.டி.பர்மன். 1975-ல் 'ஷோலே'. அமிதாப் இருட்டில் உட்கார்ந்து வாசிக்கிறார், எதிரே ஜெயா பாதுரி விளக்குகளை அணைக்கிறார். ஒரு வசனம் கிடையாது. அந்தக் காதலையே அதுதான் பேசியது. வாசித்தவர் பானு குப்தா.

ஆச்சா? இனி கடைக்குப் போகலாம். கண்ணாடி அலமாரியில் இருப்பவை மூன்று ஜாதி.

ஒன்று, நீளமாக, இரண்டு வரிசை ஓட்டைகளோடு இருக்கும் டிரெமோலோ. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடு. சுருதியில் இம்மி வித்தியாசம் வைத்திருப்பதால் ஒலி நடுங்கி நடுங்கி இனிமையாக வரும். மெல்லிசைக்கு நன்றாக இருக்கும். ஆனால் வளைக்க வராது.

இரண்டு, பக்கவாட்டில் ஒரு பொத்தான் உள்ள குரோமாட்டிக். பொத்தானை அழுத்தினால் சுரம் அரை ஸ்தானம் ஏறும். ஆக, பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும் கைக்குள். பாட்டு வாத்தியார் முதலில் சொல்லித்தரும் மாயாமாளவகௌளையின் ரி-யும் த-வும் இதில்தான் சிரமமில்லாமல் கிடைக்கும். ஆனால் விலை சில மடங்கு அதிகம்.

மூன்று, நாம் இவ்வளவு நேரம் பேசிய பத்து ஓட்டை டயடோனிக்.

பையன் ஏற்கெனவே கர்நாடக சங்கீதம் கற்கிறானா? பணத்தைச் சேர்த்து குரோமாட்டிக் வாங்குங்கள். ஆசை எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லையா? டயடோனிக்கே போதும். 'சி' சுருதி என்று கேட்டு வாங்குங்கள். அது நம் ஒரு கட்டை. பயிற்சிப் புத்தகங்களும் பெரும்பாலும் அதற்குத்தான்.

உள்ளே காற்றறைகளைப் பிரிக்கும் சட்டத்துக்குச் சீப்பு என்று பெயர். 1896-லிருந்து வரும் ஹோனரின் புகழ்பெற்ற மெரைன் பேண்டில் அது பேரிக்காய் மரம். எச்சில் ஈரத்தில் மரம் ஊதும். கடலூர் மாவட்டத்துப் புழுக்கத்துக்குப் பிளாஸ்டிக் சீப்புதான் தோது. ஹோனரிலேயே ஸ்பெஷல் 20 அப்படிப்பட்டது. ஜப்பானின் சுஸுகியிலும் கிடைக்கும். சில ஆயிரம் ஆகும். திருவிழாக் கடைச் சாமானில் காற்று ஒழுகும். பையன் மூச்சுத்தான் வாங்கும், சுரம் வராது.

கடையில் துருத்தி வைத்திருந்தால் பத்து ஓட்டையையும் இரண்டு பக்கமும் சோதித்துப் பாருங்கள். தகடுகள் திருகாணியில் முடுக்கியிருந்தால் பிரித்துச் சுத்தம் செய்யலாம். பக்கோடா சாப்பிட்ட வாயோடு வாசிக்கக் கூடாது. துணுக்குப் போய் ரீடில் உட்கார்ந்துகொள்ளும். வாசித்து முடித்ததும் உள்ளங்கையில் நாலு தட்டு.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பையன்கிட்ட என்ன சார் சொல்லட்டும்?" என்றார்.

நாலாவது ஓட்டையில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மற்றதை அவனே கண்டுபிடிப்பான்.