123 தப்பை அச்சடிச்ச டாக்டர்

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போன நோயாளி, ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்கார்? இன்னைக்கு இது சாதாரணக் கேள்வி. நூறு வருஷத்துக்கு முன்னாடி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இதை விடாம கேட்ட ஒரு டாக்டரோட கதையைத்தான் இந்த எபிசோடில் பார்க்கப்போறோம். அவர் பேர் எர்னஸ்ட் ஆமரி காட்மன்.

மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டலில் அவர் சர்ஜன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கார்டு போடுங்கன்னார். என்ன நோய்னு நினைச்சோம், என்ன செஞ்சோம், ஒரு வருஷம் கழிச்சு என்ன ஆச்சு? குணமாகலைன்னா ஏன்? அங்கே பதவி உயர்வு சீனியாரிட்டிப்படிதான். அதை எதிர்த்து 1914-ல் ராஜினாமா செய்தார்.

அதுக்கு முன்னாடியே, 1911-ல், சொந்தமா ஒரு சின்ன ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார். 1916 வரைக்கும் அங்கே 337 நோயாளிகள். அதில் 123 தப்புகள் நடந்ததுன்னு அவரே எண்ணி, திறமைக் குறைவா, கணிப்புத் தவறா, கவனக்குறைவான்னு பிரிச்சு, அச்சடிச்சு வெளியிட்டார்.

1915-ல் பாஸ்டன் டாக்டர்கள் கூட்டத்தில் ஒரு கேலிச்சித்திரத்தைத் திறந்து காட்டினார். மண்ணுக்குள்ள தலையைப் புதைச்ச நெருப்புக்கோழி, ஊரோட பணக்கார நோயாளிகள். அது போடற தங்க முட்டைகள் டாக்டர்களுக்கு. கூட்டம் கொதிச்சுப் போச்சு. சங்கத்தில் அவர் வகிச்ச தலைமைப் பதவி பறிபோனது.

ஆனா அவர் யோசனை சாகலை. 1913-ல் தொடங்கின அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி, ஆஸ்பத்திரிகளை ஆய்வு செஞ்சது. 1919-ல் முடிவு வந்தது: நூறு படுக்கைக்கு மேல இருந்த 692 ஆஸ்பத்திரிகளில் தேறினது 89 மட்டும். எண்ணிக்கையைச் சொன்னாங்க. பெயர்ப் பட்டியலை நியூயார்க் ஹோட்டல் ஒண்ணோட உலையில் போட்டு எரிச்சாங்க!

இன்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் கூடி, ஒருத்தர் கேஸை இன்னொருத்தர் அலசறாங்க. இதுதான் பியர் ரிவ்யூ. அப்படி அலசறவங்க மேல வழக்கு பாயாம இருக்க, அமெரிக்காவில் 1986-ல் சட்டமே வந்தது. பெரும்பாலும் மூடின கதவுக்குள்ளதான் இது நடக்குது. பயந்த டாக்டர் உண்மையைப் பேச மாட்டார், அதனால அந்த அறை மூடியிருக்கறதை நான் ஏத்துக்கறேன்.

ஆனா காட்மன் கேட்டது ரெண்டு விஷயம். டாக்டர்கள் தங்களைச் சரிபார்க்கணும். முடிவு நோயாளிக்கும் தெரியணும். முதல் பாதி நடந்துச்சு. ரெண்டாவது பாதி, என் பார்வையில், இன்னும் பாக்கி. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீங்க கேட்கலாம்: "போன வருஷம் இதை எத்தனை பேருக்குப் பண்ணீங்க? எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது?"