கேடிலாக் வேண்டாமென்ற வடிவம், ப்யூக்கின் அடையாளமானது: 'ரிவியேரா' காரின் வரலாறு

புதுடெல்லி: காருக்குள் தொடுதிரை என்பது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. ஆனால், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே தனது ப்யூக் ரிவியேரா காரில் தொடுதிரையைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டில் அதன் விற்பனை, முந்தைய ஆண்டின் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. தொழில்நுட்பத்தில் முந்திக்கொண்ட கார், வாங்குவோரை இழந்தது ஏன்? இதற்கு விடை காண, அந்தக் கார் முதன்முதலில் எதற்காக விரும்பப்பட்டது என்பதை அறிய வேண்டும்.

தனிநபர் சொகுசு கார் என்றால் என்ன?

இரண்டு கதவுகள், நான்கு இருக்கைகள், நீண்ட முன்பகுதி, ஆற்றல் மிக்க எஞ்சின், உயர்தர உள்அலங்காரம். ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளாமல், உரிமையாளர் தாமே ஓட்டி மகிழ்வதற்கான வாகனம். இதையே அமெரிக்கர்கள் 'பெர்சனல் லக்ஷுரி கார்' என்று அழைத்தனர். பந்தயக் காரின் வேகமோ, குடும்பக் காரின் இடவசதியோ இதன் முதன்மை நோக்கமல்ல. ஃபோர்டு நிறுவனம் 1955இல் இரு இருக்கைகளுடன் அறிமுகப்படுத்திய தண்டர்பேர்டு காரை 1958இல் நான்கு இருக்கைகள் கொண்டதாக மாற்றியது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தாலும் விற்பனை பெருகியது. 1957இல் சுமார் 21,000ஆக இருந்த எண்ணிக்கை, 1960இல் 90,000ஐக் கடந்தது. இதற்கு நிகரான கார் ஜெனரல் மோட்டார்ஸிடம் அப்போது இல்லை.

கைமாறிய வடிவமைப்பு

அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராக 1958 இறுதியில் பொறுப்பேற்றவர் பில் மிட்செல். லண்டன் மூடுபனியில் ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்றின் கூர்மையான விளிம்புகளைக் கண்டு வியந்த அவர், அந்தக் கம்பீரத்தையும் ஃபெராரியின் வேகத் தோற்றத்தையும் இணைக்க விரும்பியதாகக் கூறப்படுகிறது. வடிவமைப்பாளர் நெட் நிக்கல்ஸ் அதற்கு உருவம் கொடுத்தார். நிறுத்தப்பட்டுவிட்ட லாசால் என்ற பெயரை மீட்டு, கேடிலாக் பிரிவின் துணைத் தயாரிப்பாக இதனை வெளியிடுவதே தொடக்கத் திட்டம். கார்கள் நன்றாக விற்றுக்கொண்டிருந்ததால் கேடிலாக் ஆர்வம் காட்டவில்லை.

ப்யூக்கின் நிலையோ வேறு. 1955இல் அமெரிக்க விற்பனையில் மூன்றாமிடத்தில் இருந்த அப்பிரிவு, 1960இல் ஒன்பதாம் இடத்திற்கு இறங்கியிருந்தது. இழந்த மதிப்பை மீட்க அதற்கு ஒரு கார் தேவைப்பட்டது. ஓல்ட்ஸ்மொபீல், பான்டியாக் ஆகிய உடன்பிறப்புப் பிரிவுகளும் போட்டியிட்ட நிலையில், விளம்பர நிறுவனம் ஒன்றின் உதவியுடன் தனது கோரிக்கையை முன்வைத்த ப்யூக், அந்த வடிவமைப்பைத் தன்வசமாக்கியது. ஒரே நிறுவனத்தின் பிரிவுகள் ஒரு காருக்காக இவ்வாறு மல்லுக்கட்டியது, அந்த வடிவத்தின் மதிப்பைக் காட்டும் சான்று எனலாம்.

1963: அளவோடு தயாரிப்பு

மிஷிகன் மாகாணத்தின் ஃபிளின்ட் நகரில் தயாரான முதல் ரிவியேராவின் விலை 4,333 டாலர். 6.6 லிட்டர் வி8 எஞ்சின் 325 குதிரைத்திறனை வழங்கியது. கூடுதல் கட்டணத்தில் 7 லிட்டர் எஞ்சினும் கிடைத்தது. சுமார் 1.8 டன் எடை கொண்ட கார், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 96 கி.மீ. வேகத்தை ஏறத்தாழ 8 வினாடிகளில் எட்டியது. தானியங்கி கியர் பெட்டியில் இரண்டு வேகநிலைகள் மட்டுமே இருந்தது குறையாகக் கருதப்பட்டது. அடுத்த ஆண்டே மூன்று வேகநிலைகள் கொண்ட பெட்டி வந்தது.

ஆயினும், பேசப்பட்டது அதன் தோற்றமே. அக்காலத்து அமெரிக்கக் கார்களில் குவிந்துகிடந்த குரோமிய அலங்காரங்களும் வால் துடுப்புகளும் இதில் இல்லை. கூர்மையான மடிப்புகள், சட்டகமற்ற பக்கக் கண்ணாடிகள், பின்சக்கரத்தின் மேல் மெல்ல உயர்ந்து இறங்கும் இடுப்புக்கோடு ஆகியவை மட்டுமே அதன் அணிகலன்கள். முன்புறத்தின் இரு ஓரங்களிலும் நின்ற செங்குத்துக் கம்பிவலைகள், பழைய லாசால் காரின் நினைவாக எஞ்சின. இத்தாலிய வடிவமைப்பாளர் செர்ஜியோ பினின்ஃபரினாவும் ஜாகுவார் நிறுவனர் வில்லியம் லயன்ஸும் இதனைப் பாராட்டினர். அமெரிக்கக் கார்களை ஐரோப்பியர் புகழ்வது அன்று அரிதாகவே நிகழ்ந்தது.

கிராக்கி இருந்தபோதும் முதல் ஆண்டில் 40,000 கார்களுக்கு மேல் தயாரிப்பதில்லை என நிறுவனம் முடிவு செய்தது. எளிதில் கிடைக்காத பொருள் என்ற எண்ணமே மதிப்பைக் கூட்டும் என்பது கணக்கு. 1965இல் முகப்பு விளக்குகள் அந்த ஓரக் கம்பிவலைகளுக்குப் பின்னால் ஒளித்துவைக்கப்பட்டன. விளக்கை ஏற்றினால் சிப்பி திறப்பதுபோல் அவை விலகும். 360 குதிரைத்திறன் கொண்ட 'கிரான் ஸ்போர்ட்' ரகமும் அவ்வாண்டே அறிமுகமானது. சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடுவது இந்த 1965 மாடலைத்தான்.

படகு வால்

1966இல் பெரிய உடலுடன் இரண்டாம் தலைமுறை வந்தது. 1971இல் வந்த மூன்றாம் தலைமுறையோ கடும் விவாதத்தைக் கிளப்பியது. ஜெர்ரி ஹிர்ஷ்பெர்க் வரைந்த அதன் பின்பகுதி, படகின் கூர்முனைபோலக் குவிந்திருந்தது. சிறிய காருக்காக எண்ணப்பட்ட வடிவம், 7.5 லிட்டர் எஞ்சினைத் தாங்கும் மாபெரும் சட்டகத்தின் மீது ஏற்றப்பட்டதால் அளவு மீறியதாகப் பலருக்குத் தோன்றியது. விற்பனை உயரவில்லை. சக்கரங்கள் வழுக்குவதைத் தடுக்கும் 'மேக்ஸ் டிராக்' என்ற மின்னணு அமைப்பு அப்போதே கிடைத்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். பழைய கார் ஆர்வலர்களிடையே இன்று அதிகம் பேசப்படும் ரிவியேராக்களில் இந்தப் படகு வாலும் ஒன்று. விரும்பினாலும் வெறுத்தாலும், வேறொரு காராக அதனைத் தவறாக எண்ண முடியாது.

எண்ணெய் நெருக்கடியும் தொடுதிரையும்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் அதைத் தொடர்ந்து வந்த எரிபொருள் சிக்கனச் சட்டமும் பெரிய கார்களின் காலத்தைச் சுருக்கின. 1979இல் முன்சக்கர இயக்கத்திற்கு மாறிய ரிவியேரா, அளவில் குறைந்தபோதும் தன் மிடுக்கை இழக்கவில்லை. 'மோட்டார் டிரெண்ட்' இதழின் அவ்வாண்டுக்கான சிறந்த கார் விருதும் அதற்குக் கிடைத்தது. 1985இல் 65,000க்கும் மேற்பட்ட கார்கள் விற்பனையாகின.

மறு ஆண்டே எல்லாம் மாறியது. பெட்ரோல் விலை மேலும் உயரும் என்ற கணிப்பில் திட்டமிடப்பட்ட 1986 மாடல், முந்தையதைவிட ஏறத்தாழ 48 செ.மீ. குட்டையானது. வி8 எஞ்சின் நீக்கப்பட்டது. ஆனால், கார் சந்தைக்கு வந்தபோது பெட்ரோல் விலை சரிந்திருந்தது. டேஷ்போர்டின் நடுவே இருந்த 9 அங்குலப் படக்குழாய்த் திரை, வானொலி, குளிர்சாதனம், பயணக் கணக்கு ஆகியவற்றைத் தொட்டு இயக்க உதவியது. எளிய பொத்தானால் முடியும் வேலைக்குச் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருந்தது என்ற புகார் அன்றே எழுந்தது. தொடுதிரைக் கார்கள் குறித்து இன்றும் அதே புகார் ஒலிக்கிறது.

அதைவிடப் பெரிய குறை வெளியே இருந்தது. ஏறத்தாழ 20,000 டாலர் விலையுள்ள கார், ப்யூக்கின் மலிவான சிறிய காரான சோமர்செட்டைப் போலவே காட்சியளித்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறுபாடு தெரியாவிட்டால் கூடுதல் பணம் எதற்கு என்று வாங்குவோர் எண்ணியதில் வியப்பில்லை. 1986இல் விற்றவை சுமார் 22,000. 1988இல் அந்த எண்ணிக்கை 9,000க்கும் கீழே சென்றது. 1989இல் காரின் நீளத்தை சுமார் 28 செ.மீ. கூட்டியதும் விற்பனை இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. 1990 மாடலில் தொடுதிரை அகற்றப்பட்டது.

இறுதி 200 கார்கள்

1995இல் வளைவான புதிய உடலுடனும், சூப்பர்சார்ஜர் பொருத்திய வி6 எஞ்சினுடனும் ரிவியேரா மீண்டும் வந்தது. முதல் ஆண்டு வரவேற்பு நன்றாகவே இருந்தது. ஆனால், இரு கதவுப் பெரிய கார்களை வாங்கியோர் அதற்குள் எஸ்யுவி வாகனங்களின் பக்கம் திரும்பியிருந்தனர். 1999 மாடலுடன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. மொத்தம் 11 லட்சத்துக்கும் அதிகமான ரிவியேராக்கள் தயாரிக்கப்பட்டிருந்தன. கடைசி 200 கார்களுக்கு வெள்ளி நிறம் பூசப்பட்டு, 'சில்வர் ஆரோ' என்ற பெயர் சூட்டப்பட்டது. 1963ஆம் ஆண்டு ரிவியேராவைக் கொண்டு பில் மிட்செல் உருவாக்கிய காட்சிக் காரின் பெயர் அது என்பது குறிப்பிடத்தக்கது.