பினாங்கு யூதர்கள்: பத்துப் பேர் கூடாததால் மூடப்பட்ட ஜெப ஆலயம்

ஜார்ஜ்டவுன், நாகூர் சாலையில் உள்ள 28ஆம் எண் கட்டடம் ஒரு காலத்தில் பினாங்கு யூதர்களின் ஜெப ஆலயமாக இருந்தது. 1929ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த ஆலயம், 47 ஆண்டுகளுக்குப் பின் 1976இல் மூடப்பட்டது. கூட்டுத் தொழுகைக்குத் தேவையான பத்து ஆண்கள் ஊரில் இல்லாமல் போனதே அதற்குக் காரணம்.

தமிழகத்தின் நாகூரை நினைவூட்டும் பெயர் கொண்ட சாலையில், பாக்தாத்திலிருந்து வந்த ஒரு சமூகம் தன் ஆலயத்தை அமைத்தது. பல நாட்டு வணிகர்கள் கூடிய பினாங்கில் அது வியப்புக்குரியதல்ல.

துறைமுகம் அழைத்து வந்தவர்கள்

1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய பினாங்கு, சுங்கவரி இல்லாத துறைமுகமாக வளர்ந்தது. தமிழ் முஸ்லிம் வணிகர்களும் சீனர்களும் அராபியர்களும் ஆர்மீனியர்களும் அங்கு வந்து சேர்ந்தனர். யூதர்களும் அவர்களுள் அடங்குவர்.

பினாங்கு யூதர்களில் பெரும்பாலோர் பாக்தாத் வழிவந்தவர்கள். 1817 முதல் 1831 வரை அங்கு ஆட்சி செய்த தாவூத் பாஷாவின் காலத்தில் நெருக்கடிக்கு உள்ளான யூத வணிகக் குடும்பங்கள் பல, கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. பம்பாய், கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் எனத் துறைமுகம் துறைமுகமாக உறவினர்கள் பரவினர். வீட்டில் அரபு மொழி, வழிபாட்டில் எபிரேயம் என்றிருந்தவர்கள், காலப்போக்கில் ஆங்கிலத்துக்கு மாறினர்.

1899இல் பினாங்கில் 172 யூதர்கள் இருந்ததாகப் பதிவாகியுள்ளது. அச்சமூகத்தின் உயர்ந்தபட்ச அளவே சில நூறு பேரைத் தாண்டவில்லை.

முதலில் கல்லறை, பிறகே ஆலயம்

பினாங்கு யூதர்களின் கல்லறைத் தோட்டம், ஜெப ஆலயத்தைவிட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழமையானது. 1805இல் அமைந்ததாகக் கருதப்படும் அத்தோட்டத்தில், இன்று காணப்படும் மிகப் பழைய கல்லறை 1835ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிலத்தை நன்கொடையாக வழங்கிய பெண்மணியின் கல்லறை அது என நம்பப்படுகிறது.

இந்த வரிசைக்கு யூதச் சமயத்திலேயே விளக்கம் உண்டு. தொழுகைக்குத் தனிக் கட்டடம் கட்டாயமில்லை. பத்து ஆண்கள் கூடினால் ஒரு வீட்டின் கூடமே போதும். ஆனால், இறந்தவரைப் புதைக்கத் தனி நிலம் வேண்டும். ஒருமுறை புதைத்த இடத்தைத் தோண்டி வேறு பயன்பாட்டுக்குக் கொடுக்க அச்சமயம் இடமளிப்பதில்லை. அதனால்தான் புதிய ஊரில் குடியேறும் யூதர்கள் கல்லறைக்கான நிலத்தை முதலில் தேடுகின்றனர்.

மின்யான் எனும் எண்ணிக்கை

பதின்மூன்று வயது நிறைந்த பத்து ஆண்கள் கூடுவதை ‘மின்யான்’ என்பர். மரபுவழி யூதர்களிடையே பெண்கள் இக்கணக்கில் சேர்வதில்லை. ஒன்பது பேர் வந்தால் ஒவ்வொருவரும் தனியாக வேண்டிக்கொள்ளலாம். ஆனால், தோரா சுருளைச் சபையில் விரித்து வாசிக்க முடியாது. இறந்தவருக்காகச் சொல்லப்படும் ‘கத்தீஷ்’ எனும் வேண்டுதலையும் சொல்ல முடியாது.

பெரிய ஊர்களில் இவ்விதியை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. சிறு ஊரிலோ ஒரு குடும்பம் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தாலே ஆலயத்தின் கதவு ஆட்டம் காணும்.

போருக்குப் பின்

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசின. யூதக் குடும்பங்களில் பெரும்பகுதி சிங்கப்பூருக்குச் சென்றது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. பலர் ஜப்பானியரின் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

போர் முடிந்த பிறகும் பலர் பினாங்கில் நிலைக்கவில்லை. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, அமெரிக்கா எனக் குடிபெயர்ந்தனர். 1963இல் சுமார் 20 குடும்பங்களே எஞ்சியிருந்தன. அடுத்த 13 ஆண்டுகளில் பத்து ஆண்களைச் சேர்ப்பதும் இயலாமல் போனது.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. 1878இல் வாட்டர்லூ ஸ்திரீட்டில் கட்டப்பட்ட மகேன் அபோத் ஆலயம் இன்றும் இயங்குகிறது. 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல், அதே பாக்தாத் யூத மரபில் வந்தவர். ஒரே வழியில் வந்த இரு சமூகங்களில் பெரிய துறைமுகத்தைச் சேர்ந்தது நிலைத்தது, சிறியது கரைந்தது.

எஞ்சியிருப்பவை

கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய சாலை முன்பு ‘ஜாலான் யாஹூடி’, அதாவது யூதர் சாலை என அழைக்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஜாலான் சைனால் அபிடின். பழைய ஜெப ஆலயக் கட்டடமும் வேறு பயன்பாட்டுக்கு மாறிவிட்டது.

மதிலுக்குள் 100க்கும் மேற்பட்ட கல்லறைகள் எபிரேய எழுத்துகளோடு உள்ளன. கோஹன் எனப்படும் குருமார் வழியினரின் கல்லறைகள் மட்டும் தனியே ஒரு மூலையில் அமைந்துள்ளன. 1885இல் பதிவு பெற்ற அறங்காவலர் குழுவின் பொறுப்பில் இத்தோட்டம் வந்ததால், சமூகம் கலைந்த பிறகும் நிலம் கைமாறவில்லை.

இங்கு கடைசியாக அடக்கம் செய்யப்பட்டவர், ஜார்ஜ்டவுன் தங்கும் விடுதி ஒன்றில் நீண்ட காலம் மேலாளராக இருந்த உள்ளூர் யூதர். அவர் 2011இல் காலமானார். ஆலயம் மூடப்பட்டு அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்காகக் கத்தீஷ் சொல்லத் தேவையான பத்துப் பேர் பினாங்கு யூதர்களில் அப்போது இல்லை.