மெத்தனால் நஞ்சு: மலைப்பகுதி மக்களும் கவனிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மெத்தனால் என்பது நிறமற்ற, எளிதில் ஆவியாகிற, விரைவில் தீப்பற்றக்கூடிய ஒரு தொழிற்சாலை வேதிப்பொருள். மெத்தில் ஆல்கஹால் என்றும் இதனைக் குறிப்பிடுவர். மதுபானங்களில் உள்ள எத்தனாலைப் போலவே தோன்றும். மணமும் ஏறத்தாழ அதுவே. ஆனால் மனித உடலுக்கு இது நஞ்சாகும். 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததற்கும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததற்கும் மெத்தனால் கலந்த சாராயமே காரணம்.

ஜமுனாமரத்தூர் போன்ற மலைப்பகுதியில் வாழ்வோர் இதனைத் தனிக் கவனத்துடன் அறிந்திருத்தல் நல்லது. இந்த நஞ்சுக்குச் சிகிச்சை உண்டு. அது காலத்தில் கிடைக்க வேண்டும். சிற்றூரிலிருந்து சாலைக்கு வருவதற்கும், மலைச்சாலையில் இறங்குவதற்கும் ஆகும் நேரத்தையும் நீங்கள் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எங்கெல்லாம் பயன்படுகிறது?

ஃபார்மால்டிஹைடு தயாரிப்பதற்கு மெத்தனால் பெருமளவில் பயன்படுகிறது. ஒட்டுப்பலகைக்கான பசை அதிலிருந்தே உருவாகிறது. பெயிண்ட், வார்னிஷ், சில வகைத் தின்னர்கள், மருந்துத் தொழிற்சாலைகளின் கரைப்பான்கள், பயோடீசல் தயாரிப்பு ஆகியவற்றிலும் இதற்கு இடமுண்டு. தொழிலுக்குத் தேவையான பொருள்தான். உரிமம் பெற்றோர் மட்டுமே வைத்திருக்கவும் விற்கவும் வேண்டிய பொருளும்கூட. அது வழிமாறிச் சாராய வியாபாரியிடம் சேரும்போதே பேரிழப்பு நேர்கிறது. வெல்லத்தையும் பட்டையையும் ஊறவைத்துக் காய்ச்சும்போது தவறு நேர்ந்து நஞ்சாகிவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். சர்க்கரைப் பொருள் புளிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகக் குறைவு. பலரை ஒரே நாளில் பலிகொள்வது, பெரும்பாலும் வெளியிலிருந்து கொண்டுவந்து கலக்கப்பட்ட தொழிற்சாலை மெத்தனாலே.

சுவைத்தோ, முகர்ந்தோ, தீக்குச்சியால் கொளுத்திப் பார்த்தோ இதனைக் கண்டறிய இயலாது.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

குடித்தவுடன் மெத்தனால் பெருந்தீங்கு செய்வதில்லை. கல்லீரல் அதனை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலமே உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுத்து, விழித்திரையையும் பார்வை நரம்பையும் மூளையையும் தாக்குகிறது. குருதியின் அமிலத்தன்மையையும் உயர்த்துகிறது. தூய மெத்தனால் 10 மி.லி. அளவே பார்வையைப் பறிக்கக்கூடும், 30 மி.லி. உயிரைப் பறிக்கக்கூடும்.

இந்த மாற்றத்திற்கு நேரம் பிடிக்கும் என்பதே இந்நஞ்சின் வஞ்சகம். அருந்தியவர் 12 முதல் 24 மணிநேரம் வரை வழக்கம்போல் நடமாடலாம். வழக்கமான மதுவும் சேர்த்து அருந்தியிருந்தால் இன்னும் தாமதமாகலாம். “நேற்றுக் குடித்தார், இன்று காலை நன்றாகத்தான் இருந்தார்” என்று குடும்பத்தார் கூறுவது இதனால்தான்.

பின்னர் தலைவலி, வாந்தி, கடும் வயிற்றுவலி, தலைச்சுற்றல் ஆகியன தோன்றும். இவற்றைச் சாதாரணப் போதைத் தெளிவின் உபாதை என்று கருதிவிடுவது எளிது. பார்வை மங்குதல், வெண்பனிக்குள் பார்ப்பதுபோல் தெரிதல், வெளிச்சத்தில் கண் கூசுதல், ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அது அவசரநிலை. வலிப்பும் நினைவிழப்பும் தொடரலாம்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது

108 எண்ணை அழையுங்கள். ஊர்தி வரத் தாமதமாகும் இடமாயின், கிடைக்கும் வாகனத்தில் புறப்பட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் முதற்சிகிச்சை பெறுங்கள். அங்கிருந்து டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவர். அதே பாக்கெட்டிலோ அதே இடத்திலோ வாங்கி அருந்திய அனைவரையும், நலமாக இருப்பவரையும் சேர்த்தே, அழைத்துச் செல்லுங்கள். இதனை வலியுறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. அறிகுறி இல்லாதவர் வீட்டிலேயே தங்கிவிடுவது வழக்கமாக உள்ளது. மீதமுள்ள பானத்தை மூடி, எவர் கைக்கும் எட்டாமல் உடன் கொண்டு செல்லுங்கள்.

வாந்தி எடுக்கத் தூண்டாதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு, நாட்டு மருந்து எதுவும் இந்நஞ்சை முறிக்காது. மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

எதை, எப்போது, எவ்வளவு அருந்தினார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நஞ்சு தொடர்பான நோயாளிகள் குறித்துக் காவல் நிலையத்திற்குத் தகவல் தருவது மருத்துவமனையின் வழக்கமான நடைமுறை. அதன் பொருட்டுச் சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. “வயிற்றுப்போக்கு” என்று சொல்லிச் சேர்ப்பதால் இழக்கப்படும் சில மணிநேரம், பார்வைக்கும் இருளுக்கும் இடையிலான நேரமாக இருக்கலாம்.

மருத்துவமனையில், மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்க ஃபோமெபிசோல் அல்லது அளவிட்ட எத்தனால் தரப்படும். குருதியின் அமிலத்தன்மையைக் குறைக்கச் சோடியம் பைகார்பனேட், அமிலத்தை வெளியேற்ற உதவும் ஃபோலினிக் அமிலம், கடுமையான நிலையில் டயாலிசிஸ் ஆகியவையும் உண்டு. எத்தனாலும் மருந்தாகிறது என்று கேள்வியுற்று வீட்டில் மது கொடுத்துப் பார்க்க வேண்டாம். குருதிப் பரிசோதனையும் இடைவிடாக் கண்காணிப்பும் இல்லாமல் அது மற்றோர் ஆபத்தாகிவிடும்.

பணியிடத்தில் கையாளுவோருக்கு

மலையிலிருந்து நகரங்களுக்குச் சென்று பெயிண்ட், மரவேலை, இரசாயனக் கூடங்களில் பணிபுரிவோர் கவனிக்க: மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும். காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். அதற்குரிய கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. அருகில் புகைபிடிக்கக் கூடாது. இதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாமலே எரியக்கூடும். தோலில் பட்டால் ஆடையைக் களைந்து சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள்; கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் அலசி, மருத்துவரிடம் செல்லுங்கள். குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வீட்டிற்குக் கொண்டுவருவதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

வீடு திரும்பிய பின்

உயிர் பிழைத்தோரில் சிலருக்குப் பார்வைக் குறைபாடு நிலைத்துவிடலாம். சிலருக்குக் கைகால் இறுக்கமும் நடுக்கமும் பின்னர் தோன்றலாம். எனவே கண் மருத்துவப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கு 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும், குடும்பத்தாரும் அழைக்கலாம்.