இலட்சத்தீவுக்குப் பறந்த வாயுதூத்

கேரளக் கரைக்கு மேற்கே அரபிக் கடலில் சிதறிக் கிடக்கும் இலட்சத்தீவுகளுள் மக்கள் குடியிருப்பவை 10 தீவுகளே. இலட்சத்தீவுகள் அனைத்தின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்களில் நூற்றுக்கு 96 பேருக்கு மேல் முஸ்லிம்கள். 1956 வரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தின் மலபார், தென்கன்னட மாவட்டங்களைச் சேர்ந்திருந்தன என்பதை நம்மில் பலர் அறியோம்.

கொப்பரையும் கயிறும் ஏற்றிச் சென்று அரிசியோடு திரும்பிய பாய்மர ஓடங்களே ஒரு காலத்தில் அம்மக்களின் உயிர்நாடியாக இருந்தன. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் ஓடங்கள் கரையேறிவிடும். தீவுகள் மாதக்கணக்கில் தனித்துப்போகும். கப்பல்கள் வந்த பின்னரும் கொச்சியிலிருந்து தீவை அடைய ஓர் இரவுக்குக் குறையாத பயணம் தேவைப்பட்டது. பிரசவ வேதனையில் துடிப்பவருக்கும் மூச்சுத் திணறுபவருக்கும் அந்த ஓர் இரவு எத்துணை நீண்டது!

இந்நிலையில்தான் வாயுதூத் வந்தது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் கூட்டாக 1981இல் தொடங்கிய நிறுவனம் அது. பெரிய விமானங்கள் இறங்க இயலாத சிற்றூர்களை இணைப்பதே அதன் நோக்கம். அகத்தித் தீவில் சுமார் 1,200 மீட்டர் நீள ஓடுபாதை அமைக்கப்பட்டு, 1988 ஏப்ரலில் அதன் டோர்னியர் 228 விமானம் அங்கே இறங்கியது. அதில் 19 பேர் அமரலாம். கொச்சிக்கும் அகத்திக்கும் இடைப்பட்ட சுமார் 460 கிலோமீட்டர் தொலைவு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணமாகச் சுருங்கிற்று.

ஆனால் சிறிய விமானம், குறைந்த பயணிகள், நீண்ட கடல்வழி ஆகிய மூன்றும் சேர்ந்தால் வரவு செலவுக்கு ஈடாவது அரிது. நாடெங்கும் இத்தகைய தடங்களில் பறந்த வாயுதூத் நட்டத்தில் மூழ்கியது. 1993இல் அதனை இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைக்க முடிவாயிற்று. 1997இல் அது முற்றிலும் மறைந்தது. ஓடுபாதை மட்டும் நிலைத்தது. பிற்காலத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ், அலையன்ஸ் ஏர் விமானங்கள் அங்கே இறங்கின.

இலாபம் தராதது என்பதால் ஒரு பணி தேவையற்றதாகிவிடுமா? பர்ளு கிஃபாயா என்னும் கடமையை நாம் அறிவோம்: சிலர் நிறைவேற்றினால் அனைவர்மீதுள்ள பொறுப்பும் நீங்கும், ஒருவரும் முன்வராவிடில் குற்றம் எல்லோரையும் சாரும். கடல் சூழ்ந்த ஊரில் வாழும் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதும் அத்தகைய பொதுப் பொறுப்பே. வாயுதூத் அதைச் சில ஆண்டுகள் சுமந்தது. கணக்கேட்டில் அதன் நட்டத்தை எழுதியவர்கள், அது மிச்சப்படுத்திய இரவுகளையும் எதிர்ப்பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.