யாருடைய நேரம்?

நேரத்தை மிச்சப்படுத்தும் கைவேலை என்றால், யாருடைய நேரத்தை? ஸ்கிராப் புத்தகங்களின் வரலாற்றைப் படிக்கையில் எனக்கு எழும் கேள்வி இது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பெரும்பாலும் ஜெர்மனியில் அச்சான வண்ணப் படங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தாள் தாளாக விற்றன. பூ, தேவதை, குழந்தை முகம் எல்லாம் ஓரம் வெட்டப்பட்டே வந்தன. பிரித்தெடுத்து ஒட்டினால் போதும். 1873இல் எழுத்தாளர் மார்க் ட்வைன், பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஸ்கிராப் புத்தகத்துக்குக் காப்புரிமை பெற்றார். வேலையைச் சுலபமாக்கியவரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. உட்கார்ந்து ஒட்டிய பெண்கள் பலரின் பெயர் அவர்களுடைய புத்தகங்களில்கூட இல்லை.

அதே கத்தரிக்கோலையும் பசையையும் வேறொன்றுக்கும் பயன்படுத்தினார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா நகரில் எலிசபெத் ஸ்மித் மில்லரும் மகள் ஆன் ஃபிட்ஸ்ஹியூ மில்லரும் 1897 முதல் 1911 வரையிலான வாக்குரிமைப் போராட்டத்தை 7 தொகுதிகளில் சேர்த்துவைத்தார்கள்: செய்தி நறுக்குகள், புகைப்படங்கள், அட்டைகள். தாய் 1911இலும் மகள் 1912இலும் இறந்தார்கள். அம்மாநிலப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1917இல்.

மகள் இறந்த அதே 1912இல் பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்தில் துணியையும் தாளையும் ஒட்டினார்கள். 'கொலாஜ்' அங்கே பிறந்ததாகக் கலை வரலாறு எழுதிக்கொண்டது. 1970களின் இறுதியில் மிரியம் ஷாப்பிரோவும் மெலிசா மேயரும் அதை மறுத்தார்கள். பெண்கள் காலங்காலமாக வெட்டி, தைத்து, ஒட்டிச் சேர்த்தவற்றுக்கு 'ஃபெம்மாஜ்' என்று பெயரிட்டார்கள்.

பெண்களின் கைவேலையைப் 'பொழுதுபோக்கு' என்று எழுதிவரும் மாணவிகளிடம், இன்று அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் உள்ள அந்த 7 தொகுதிகளைப் பற்றிச் சொல்கிறேன். பிறகு அந்தச் சொல்லை அவர்களே அடித்துவிடுகிறார்கள்.