அளந்து பேசிய விலை

கட்டட வேலை முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைத்து, ஒரே தொகையை முன்கூட்டியே பேசி முடிக்கும் வழக்கம் லண்டனில் பரவலானது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் வீடு கட்டுகிறவர் கொத்தனார், தச்சர், ஓடு வேய்பவர், ஈய வேலைக்காரர், கண்ணாடி பொருத்துபவர் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தச் செலவு எவ்வளவு என்பது கடைசி ஆளின் கணக்கு தீர்ந்த பிறகே தெரியும்.

1666 செப்டம்பரில் லண்டனைப் பெருந்தீ அழித்தது. ஏறக்குறைய 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் எரிந்துபோயின. அடுத்த ஆண்டு வந்த மறுகட்டுமானச் சட்டம் வீடுகளை நான்கு வகையாகப் பிரித்தது. எந்தத் தெருவில் எத்தனை மாடி, எந்தத் தளத்தில் சுவர் எவ்வளவு தடிமன் என்பதைக்கூட வரையறுத்தது. சுவர்கள் ஒரே மாதிரியானதால் வேலையை அளப்பதும் சுலபமாயிற்று. அளவையாளர்கள் தனித் தொழிலாகத் தலையெடுத்தார்கள். நில அளவையாளர் வில்லியம் லேபர்ன், வீடு கட்டுவோருக்கும் அளப்போருக்குமான கையேடு ஒன்றை 1668-இல் வெளியிட்டார். எரிந்த நகரத்தில் அதற்கு வாசகர் பஞ்சம் இருந்திருக்காது.

கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 1681-இல் ஆக்ஸ்போர்டின் டாம் கோபுர வேலை தொடர்பாக பிஷப் ஜான் ஃபெல்லுக்கு எழுதிய கடிதத்தில் மூன்று முறைகளைச் சொல்கிறார்: நாள் கூலி, அளவுக்கு ஏற்ற கூலி, மொத்தக் குத்தகை. நாள் கூலியில் சோம்பல் தெரிந்துவிடும். மொத்தக் குத்தகை இரு தரப்புக்கும் நியாயமாக அமைந்தால் நல்லதுதான்; ஆனால் பழக்கமில்லாத வேலைக்கு விலை சொல்லிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. அதனால் அவர் பரிந்துரைத்தது நடுவழியை. ஒவ்வொரு வகை வேலைக்கும் அலகு விலையை முதலில் பேசிக்கொள்வது, முடிந்ததை அளந்து பணம் கொடுப்பது.

செங்கல் வேலைக்கு அலகு ‘ராட்’. பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி, அதாவது ஏறக்குறைய 272 சதுர அடிச் சுவர், ஒன்றரைக் கல் தடிமனில் இருந்தால் ஒரு ராட். கன அளவில் சொன்னால் 306 கன அடி. சுமார் 4,500 செங்கல் பிடிக்கும். சுவர் இரண்டு கல் தடிமனாக இருந்தால் அதையும் ஒன்றரைக் கல்லுக்கு மாற்றித்தான் கணக்கிட வேண்டும். தரைக்கும் கூரைக்கும் 100 சதுர அடி கொண்ட ‘சதுரம்’. ஜன்னல் திறப்பைக் கழிப்பதா, வளைவுக்குக் கூடுதலாகக் கொடுப்பதா என்று தகராறு வரும். உரிமையாளருக்கு ஓர் அளவையாளர், தொழிலாளிக்கு ஓர் அளவையாளர் என்று இருவர் வந்து பேசித் தீர்ப்பார்கள். அளவு துல்லியமாகத்தான் இருந்தது. ஆனால் சுவர் எழும்பிய பிறகு கிடைக்கும் துல்லியம் கையிருப்பைப் பார்த்துக் கட்டுகிறவருக்கு உதவாது.

1815-ஐ ஒட்டி தாமஸ் கியூபிட் என்ற தச்சர் லண்டனின் கிரேஸ் இன் சாலையில் பட்டறை அமைத்து, எல்லாத் தொழிலாளரையும் நிரந்தரச் சம்பளத்தில் வைத்துக்கொண்டார். இப்படி முழு வேலையையும் எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்கள் பெருகியதும் போட்டி விலை கேட்பது வழக்கமாயிற்று. அப்போது புதுச் சிக்கல் முளைத்தது. பத்துப் பேர் விலை கொடுத்தால் பத்துப் பேரும் அதே வரைபடத்தைத் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்பது பேரின் உழைப்பு வீண். ஆளுக்கொரு கணக்கு வந்ததால், குறைந்த விலை என்பது திறமையா, ஒரு சுவரை அளக்க மறந்ததா என்பதும் தெரியவில்லை. போட்டியாளர்களே கூடி ஓர் அளவையாளரை அமர்த்தினார்கள். அவர் தயாரித்த பட்டியலில் அளவு இருக்கும், விலைக் கட்டம் காலியாக இருக்கும். ஒரே பட்டியலுக்கு எல்லோரும் விலை எழுதியபோதுதான் விலைகள் ஒப்பிடத்தக்கவையாயின. இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுதான். ஒரே தொகை பேசியது அல்ல.

பட்டியல் இருந்தும் தவறலாம். 1834-இல் எரிந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை மீண்டும் கட்டக் கட்டடக் கலைஞர் சார்லஸ் பேரி வரைந்த திட்டத்தை அளவையாளர் ஹென்றி ஹன்ட் அளந்து 7,07,104 பவுண்டு என்று மதிப்பிட்டார். கடைசியில் ஆன செலவு 20 லட்சம் பவுண்டைத் தாண்டியது. பாதி வேலையில் திட்டம் மாறிக்கொண்டே இருந்தால் எந்த மதிப்பீடும் நிற்காது.

1868-இல் அளவையாளர்களின் நிறுவனம் லண்டனில் தோன்றியது. எதை எப்படி அளப்பது என்பதற்கான பொது விதிமுறை 1922-இல்தான் அச்சானது.

சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையோ ரென் சொன்ன நடுவழியைப் பிடித்துக்கொண்டது. இனவாரியாக விலை, நடந்த வேலையை அளவுப் புத்தகத்தில் பதிந்து பட்டுவாடா. ‘எம்-புக்’ என்று ஒப்பந்தக்காரர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். சுதந்திர இந்தியாவில் அளக்கும் முறையை ஐ.எஸ். 1200 என்ற தரநிலை வகுத்தது.

சின்ன வேலைகளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் இறங்கி வரவில்லை. இங்கிலாந்தில் பின்கட்டில் ஓர் அறை சேர்க்கிறவருக்கு மதிப்பீடும் உறுதி விலையும் வேறு வேறு என்பதே பல நேரம் வேலை தொடங்கிய பிறகுதான் தெரிகிறது. மதிப்பீடு ஏறலாம்; ஒப்புக்கொண்ட உறுதி விலை வேலை மாறாதவரை ஏறக்கூடாது. இரண்டுக்கும் நடுவே ‘தற்காலிகத் தொகை’ என்ற வரி நுழையும். அஸ்திவாரம், குளியலறைச் சாமான் போன்ற முடிவாகாத இனங்களுக்கு உத்தேசமாகப் போடும் தொகை அது. முதல் விலையைக் குறைத்துக் காட்ட இதைவிடச் சௌகரியமான இடம் இல்லை.

தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்குச் சதுர அடி ரேட்தான் பேச்சு. புது வீட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். அங்கேயும் போர்டிகோ முழுக் கணக்கா அரைக் கணக்கா, சம்ப்பும் செப்டிக் டேங்கும் காம்பவுண்டு சுவரும் சேர்ந்ததா என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இருக்கும் வீட்டோடு ஓர் அறை சேர்ப்பதற்கு அந்தக் கணக்கு இன்னும் குறைவாகவே பொருந்தும். பழைய சுவரை இடிப்பது, இடிபாட்டை வண்டியேற்றுவது, சன்ஷேடை வெட்டுவது, பழைய கம்பியோடு புதுக் கம்பியை இணைப்பது, மாடி எடுப்பதானால் கீழ்ச்சுவர் பாரம் தாங்குமா என்று பார்ப்பது ஆகிய எதுவும் சதுர அடியில் அடங்காது. இவற்றை ஒவ்வொரு வரியாக அளவோடு எழுதி, அதே தாளை எல்லா மேஸ்திரிகளிடமும் கொடுத்து விலை எழுதச் சொன்னால்தான் ஒருவர் விலையை இன்னொருவர் விலையோடு ஒப்பிட முடியும்.